25க்கும் 27க்கும் நடுவில்

2017 ஆகஸ்ட். நெவார்க் விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டு உள்ளே அனுப்பிவிட்டோம். நீல நிற ஃபைல் ஒன்றை மட்டும் நான் கையிலேயே வைத்துக்கொண்டேன். மூன்று அங்குல கனம். இரண்டரை வயதில் மகனுக்கு ஆட்டிசம் என்று எழுதிக்கொடுத்த அறிக்கை, பேச்சுப் பயிற்சி மதிப்பீடுகள், இருபத்தெட்டுப் பக்கத் தனிநபர் கல்வித் திட்டம், பள்ளி நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதங்கள், அவர்கள் எழுதிய பதில்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தன. துணிப்பெட்டி தொலைந்தால் டோக்கியோவில் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஃபைல் தொலைந்தால் மகன் யார் என்று எதைக் காட்டிச் சொல்வது என்ற பயம் எனக்கு.

மருந்தை எடுத்துவர முடியவில்லை. அவன் ஓரிடத்தில் உட்காருவதற்காக அந்த வருட வசந்தத்தில்தான் டாக்டர் குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். அதில் ஆம்ஃபெட்டமின் உண்டு. ஜப்பானுக்குள் அதைக் கொண்டுவருவது குற்றம். டாக்டர் சீட்டு இருந்தாலும் குற்றம்தான். உலகப் போர் முடிந்ததும் ராணுவத்திடம் மிஞ்சிய ஊக்க மாத்திரைகள் கடைக்கு வந்து, ஊரெல்லாம் அடிமையாகி, 1951-ல் போட்ட சட்டம் அது. அந்த வரலாற்றின் முனை எங்கள் ஐந்து வயதுப் பிள்ளையின் மாத்திரை டப்பாவில் வந்து முட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினோம். மருந்தில்லாமல் பதினான்கு மணி நேரம் பறந்தோம். அந்த இரவைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

என் பாஸ்போர்ட் அமெரிக்கா, நாக்கு கோவில்பட்டி. 2001-ல் மென்பொருள் வேலைக்காகப் போனவன் அங்கேயே குடியுரிமை வாங்கி, வீடு வாங்கி, நியூ ஜெர்சியில் ஒரு பிள்ளைக்குத் தகப்பனானேன். வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மனைவிக்கு டோக்கியோவில் நல்ல பொறுப்பு கிடைத்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டேன்.

எங்களை மறித்தவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவை விட்டுப் போவதா என்று கேட்டார்கள். வளர்ந்த பிறகு அவனுக்குக் கிடைக்கவேண்டிய பராமரிப்பு உதவிகள் அங்கே மாநில வாரியாகத்தான் கிடைக்கும். பல மாநிலங்களில் அதற்கு வருடக்கணக்கில் காத்திருப்பு வரிசை. மாநிலத்தை விட்டுப் போனவனுக்கு வரிசையில் இடமில்லை. எல்லாம் தெரிந்துதான் கிளம்பினோம். இன்றைக்கும் சில இரவுகளில் அந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான அமெரிக்காவின் கல்விச் சட்டத்தை நான் நேசிக்கிறேன். 1975 நவம்பர் 29 அன்று ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். அதற்கு முன்னால் அந்த நாட்டில் பத்து லட்சம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்தார்கள் என்று சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொள்கிறது. அதன்பிறகு எந்தப் பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுதவேண்டும். பெற்றோருக்கு ஒப்பவில்லையென்றால் வழக்காடலாம். மூன்று வயதில் தம்பிக்காக முதல் கூட்டம் கூடியது. மேஜையின் ஒரு பக்கம் நானும் மனைவியும். மறுபக்கம் ஏழு பேர். வாரத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சி போதும் என்றார்கள். மூன்று வேண்டும் என்றோம். அந்த மேஜையில் நான் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அலுவலகத்தில் பேசிய ஆங்கிலம் இல்லை. “இதை எழுத்தில் கொடுங்கள்” என்பதுதான் அதன் முதல் பாடம். குரல் உயராமல் சொல்லவேண்டும். கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும். எட்டு மாதம் மல்லுக்கட்டி இரண்டு பயிற்சி வாங்கினோம். ஃபைல் கனத்தது அப்படித்தான்.

ஆனால் அதற்கும் முந்தி, நோயறிக்கை வந்த சில வாரங்களில் ஒன்று நடந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வீட்டுக்கே வந்த ஓர் அம்மாள், கூடத்துக் கம்பளத்தில் தம்பியோடு உட்கார்ந்து விளையாடியபடியே, மிகவும் பரிவாக, “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இரண்டு மொழியில் பிள்ளை குழம்பிப்போகிறான்” என்றார். மறுநாளிலிருந்து தம்பியிடம் நாங்கள் தமிழ் பேசவில்லை. ‘சாப்பிட வாடா’ போயிற்று. தூங்கவைக்கும்போது மனைவி முணுமுணுக்கும் தாலாட்டும் போயிற்று. நானும் அவளும் தமிழில் பேசிக்கொண்டிருப்போம். அவன் பக்கம் திரும்பும்போது ஆங்கிலத்துக்கு மாறுவோம். அவனிருக்கும் திசையில் ஒரு கதவைச் சாத்திச் சாத்தித் திறந்ததுபோல. இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதைப் பின்னால்தான் படித்தேன். அந்த அம்மாளைக் குறை சொல்லமாட்டேன்; அப்போது பலரும் அப்படித்தான் சொன்னார்கள். என்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டவன், இதை மட்டும் எழுத்தில் கேட்கவில்லை.

கோவில்பட்டியில் என் அம்மா ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“பிள்ள பேசுதானா?”

“இன்னும் இல்லம்மா.”

“பேசுவான்யா. ஒங்க தாத்தாகூட ஏழு வயசுலதான் வாயத் தொறந்தாக. நீ மனசப் போட்டு ஒழப்பாத.”

பிறகு போனைத் தம்பியிடம் காட்டச் சொல்வாள். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனுக்கு நாங்கள் தமிழ் தரவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டோக்கியோவில் நிஷிகசாயில் வீடு எடுத்தோம். இந்தியர்கள் நிறைய வசிக்கும் பகுதி. சூப்பர் மார்க்கெட் வரிசையில் தமிழ் காதில் விழும். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் ஒரு தனியார் பள்ளிக்கு நீல ஃபைலோடு போனேன். பதினைந்து நிமிடம் பேசினார்கள். தம்பி நாற்காலியை விட்டு மூன்று முறை எழுந்தான். “எங்களிடம் அதற்கான வசதி இல்லை” என்றார்கள். ஃபைலை நான் திறக்கவே இல்லை. திறந்து என்ன செய்ய? அந்த இருபத்தெட்டுப் பக்கமும் அமெரிக்க மண்ணில் மட்டும் பேசக்கூடிய பக்கங்கள். டோக்கியோவின் மேற்குப் பகுதியில் யோகோட்டா என்ற அமெரிக்க விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே படைவீரர்களின் பிள்ளைகளுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்தும் பள்ளிகளில் அந்த 1975 சட்டத்தின் ஏற்பாடுகள் அப்படியே செல்லும். ஒரே நகரம். வேலிக்கு உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு, வெளியே இருக்கும் என் பிள்ளைக்கு இல்லை. வேலியைப் பார்க்க நான் போனதில்லை; ஆனால் பல நாள் மனத்தில் அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன்.

மிஞ்சியது அரசுப் பள்ளி. ஜப்பானில் பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே வார்டு அலுவலகத்தில் ஆலோசனை தொடங்கிவிடும். தம்பிக்கு அந்த அக்டோபரில் ஆறு வயது முடிந்தது; சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி விளக்கினார்: “வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே கட்டாயக் கல்வி கிடையாது. நீங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்வோம்.” அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ‘விரும்பினால்’ அடிவயிற்றைப் பிசைந்தது. ஜப்பானியர்களுக்குமே இது பழைய கதை இல்லை. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி இங்கே கட்டாயமானது 1979-ல். அதுவரை பெற்றோர்கள்தாம் ‘என் பிள்ளைக்குப் பள்ளியிலிருந்து விலக்கு கொடுங்கள்’ என்று விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார்கள். எழுதிய கைகளை நினைத்துப்பார்க்கிறேன்.

கடைசியில் பக்கத்து ஆரம்பப் பள்ளியிலேயே சிறப்பு உதவி வகுப்பில் இடம் கிடைத்தது. வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள் வரைதான். மருந்தும் வேறொரு வகையில், இங்கே அனுமதியுள்ள பெயரில், தொடர்ந்தது.

நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட முதல் ஜப்பானிய வார்த்தை ‘சுமிமாசென்’. மன்னியுங்கள். தோசாய் லைன் ரயிலில் காலையில் யாரும் பேசமாட்டார்கள். போன் மணிகூட அடிக்காது. அந்த அமைதிக்குள் தம்பி ஓர் உச்சக் குரலை எடுத்தால் பெட்டி முழுவதும் கேட்கும். யாரும் திட்டியதில்லை. முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதுதான் என்னைக் குனியவைத்தது. இந்தப் பக்கம் ஒரு சுமிமாசென், அந்தப் பக்கம் ஒரு சுமிமாசென், இறங்கும்போது பொதுவாக ஒன்று. நியூ ஜெர்சியில் ஏழு பேருக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்த முதுகு, இங்கே ஒரு வருடத்தில் வளையப் பழகிவிட்டது. பூங்காவில், பல் டாக்டரிடத்தில், லிஃப்டில், எங்கும் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே என் வாய் திறந்தது.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் தினமும் ஒரு நோட்டு போய்வரும். ‘ரென்ராகுச்சோ’ என்பார்கள், தொடர்பு நோட்டு. காலையில் நாம் எழுதவேண்டும்: எப்படித் தூங்கினான், என்ன சாப்பிட்டான், மனநிலை எப்படி. மாலையில் ஆசிரியர் எழுதி அனுப்புவார். முதல் மாதம் பள்ளியிலிருந்து வந்த தாள்கள் எல்லாம் ‘அம்மாவுக்கு’ என்றே தொடங்கின. வகுப்பாசிரியர் ஐம்பதைத் தாண்டியவர். அவரைச் சென்செய் என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இரண்டாம் மாதத்திலிருந்து அவர் தன் கையால் ‘அப்பாவுக்கு’ என்று எழுத ஆரம்பித்தார். முதலில் போன் கேமராவை அந்தப் பக்கங்களின்மேல் பிடித்துத்தான் படித்தேன். பிறகு எழுத்துக் கூட்டினேன். எனக்குத் தெரிந்த ஜப்பானியம் முழுவதும் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான். ஆகவே ஒரு பிள்ளை மதியம் கேரட்டை ஒதுக்கியதையும், மழை நாளில் காதைப் பொத்தியதையும் என்னால் நுணுக்கமாகச் சொல்லமுடியும். வங்கியில் கணக்குத் தொடங்கத் தெரியாது.

வகுப்பைப் பார்க்கப் போன முதல் நாள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றைய நாள், மேலிருந்து கீழாகப் படங்களாக ஒட்டப்பட்டிருந்தது. காலணி மாற்றும் படம், கணக்குப் படம், சாப்பாட்டுப் படம், வீட்டுப் படம். முடிந்த வேலையின் படத்தை வெல்க்ரோவிலிருந்து பிய்த்து ஒரு பெட்டியில் போடவேண்டும். இது வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1972-ல் நிறுவிய டீச் திட்டத்தின் வழி. நியூ ஜெர்சியிலும் தம்பிக்கு இதே படங்கள்தாம். சென்செய் என்னைப் பார்த்து, “உங்கள் நாட்டிலிருந்து வந்தது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சட்டம் கடக்காத கடலை அந்த அட்டைகள் கடந்திருந்தன.

2018-ன் இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் சென்செய் நோட்டில் இப்படி எழுதியிருந்தார். அகராதியோடு உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். “தம்பி இப்போது ஒரு வார்த்தையை நிறையச் சொல்கிறான். வகுப்புக்குள் வரும்போது, கழிப்பறைக்குப் போகும்போது, மற்றப் பிள்ளைகளைக் கடக்கும்போது சொல்கிறான். அவன் ஒன்றும் செய்திருக்கமாட்டான். சுமிமாசென் என்கிறான். வீட்டில் இதைக் கற்றுக்கொடுக்கிறீர்களா?”

கற்றுக்கொடுக்கவில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்த எதையும் அவன் அவ்வளவு எளிதில் பிடித்துக்கொண்டதில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லவைக்க இரண்டு வருடம் ஆயிற்று. இது தானாக வந்தது. பக்கத்தில் நின்றவனிடமிருந்து வந்தது. அன்றிரவு மனைவி தூங்கிய பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் நோட்டில் பதில் எழுதினேன்: “நான் சொல்வதைக் கேட்டுக் கற்றிருக்கிறான். நிறுத்துகிறேன்.”

நிறுத்துவது சுலபமாக இல்லை. பழக்கம் தொண்டையிலேயே நின்றது. டோக்கியோ மாநகரம் 2012-ல் தொடங்கிய ‘ஹெல்ப் மார்க்’ என்ற சிவப்புப் பட்டை ஒன்று உண்டு. வெள்ளைச் சிலுவைக் குறியும் இதயமும் போட்டது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் பையில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். ரயில் நிலையங்களில் இலவசமாகத் தருவார்கள். ஒரு வருடமாக அது எங்கள் வீட்டு மேஜை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. மகனைப் பட்டை மாட்டி அனுப்புவதா என்ற என் வீம்பு. அதை எடுத்து அவன் பையில் கட்டினேன். சத்தம் போட்டால், நான் குனிந்து அவனிடம் பேசினேன், சுற்றியிருந்தவர்களிடம் இல்லை.

ரயில் அவனுக்கு உயிர். நிஷிகசாய்க்கு அடுத்த நிலையமான கசாயில் ரயில் பாலத்துக்கு அடியிலேயே சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1927-ல் ஓடத்தொடங்கிய கின்சா லைனின் மஞ்சள் பெட்டி அங்கே நிற்கிறது. ஆசியாவின் முதல் சுரங்க ரயில் அதுதான். வாரம் ஒருமுறையாவது அதன் முன்னால் அவன் உட்காரவேண்டும். சனிக்கிழமைகளில் யாமனோத்தே லைனில் ஒரு சுற்று. நகரத்தை வளையமாகச் சுற்றும் ரயில். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அறிவிப்புக் குரலோடு சேர்ந்து நிலையங்களின் பெயரைச் சொல்லுவான். ஷிபுயா, ஹராஜுகு, யொயொகி, ஷின்ஜுகு. தண்ணீர் கேட்கவே இரண்டு வருடம் எடுத்துக்கொண்ட பிள்ளை இருபத்தொன்பது நிலையங்களையும் இரு திசையிலும் சொல்லுவான். ஆனால் ஷினகாவாவுக்கும் தமாச்சிக்கும் நடுவில் மட்டும் ஒவ்வொரு முறையும் அழுவான். ஓரங்குல விரலை வழித்தடப் படத்தில் வைத்து அழுத்தி அழுத்தி அழுவான்.

நான் என்னென்னவோ செய்துபார்த்தேன். அந்த இடத்தில் தண்டவாளச் சத்தம் அதிகமோ என்று காதுமூடியை இறுக்கினேன். வெயில் முகத்தில் விழுகிறதோ என்று இடம் மாற்றி உட்கார்ந்தேன். எதிர்த் திசை ரயிலில் ஏறினேன். எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்தும் வைத்தேன், ஃபைல் பழக்கம்.

2019-ல் பள்ளியிலிருந்து எல்லோரையும் ரயிலில் அழைத்துப்போனார்கள். அன்று மாலை சென்செய் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். நிலையங்களுக்கு 2016-ல் எண் போட்டபோது ஷினகாவாவுக்கு 25 கொடுத்தார்கள். அடுத்ததான தமாச்சிக்கு 27. இடையில் புதிதாக ஒரு நிலையம் கட்டிக்கொண்டிருப்பதால் அதற்காக 26-ஐ விட்டுவைத்திருக்கிறார்கள். “தம்பியின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அவன் எந்த நிலையத்தையும் பார்த்து அழவில்லை. 26 இல்லை என்று அழுகிறான். இரண்டு வருடமாக நம்மிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.”

படத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். முப்பது வரை எண் ஓடுகிறது, நிலையங்கள் இருபத்தொன்பது. டோக்கியோவில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் படம். நானும் நூறு முறை பார்த்த படம். என் பிள்ளை பேசவில்லை என்று ஒரு ஃபைல் நிறைய எழுதி வைத்திருந்தேன். அவன் விரலை வைத்துச் சொன்னதை, சென்செய் கேட்டிருக்கிறார்.

இந்த வகுப்பை நான் அப்படியே புகழ்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அதே கட்டடத்தில் படித்த மற்றப் பிள்ளைகளுக்குத் தம்பியின் பெயர் தெரியாது. சாப்பாட்டு வேளையும் விளையாட்டு நாளும் தவிர வாசல் வேறு, உலகம் வேறு. இப்படிப் பிரித்து வைப்பதை நிறுத்துங்கள் என்று 2022-ல் ஐ.நா. குழு ஜப்பானிடம் சொன்னது, சரியாகத்தான் சொன்னது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஜப்பான் 2014-ல் ஏற்றது. என் நாடு கையெழுத்துப் போட்டதோடு சரி. 2012-ல் செனட்டில் வாக்குக் குறைந்து விழுந்த உடன்படிக்கை இன்னும் அங்கேயே கிடக்கிறது. நல்ல நாடு எது என்று என்னைக் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இல்லை. ஒரு சென்செய் இருந்தார் என்பது தெரியும்.

2020 பிப்ரவரி 27, வியாழக்கிழமை மாலை, தொற்றுக்காகத் திங்கள் முதல் நாட்டின் பள்ளிகளையெல்லாம் மூடச் சொல்லிப் பிரதமர் கேட்டுக்கொண்டார். ஆசிரியர்களுக்கு ஒரே நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தம்பியின் பையில் காலணி, குடை, ஓவியங்கள், ஒரு வருடத்துத் தாள்கள் எல்லாம் திணிக்கப்பட்டு வந்தன. அடியில் ஓர் அட்டை. லாமினேட் செய்தது. இடது ஓரத்தில் 25, வலது ஓரத்தில் 27, நடுவில் வெல்க்ரோ ஒட்டிய காலிக் கட்டம். பின்பக்கம் சின்ன உறையில் 26. ‘தக்கனாவா கேட்வே’ என்று பெயரும், மார்ச் 14 என்று தேதியும், சென்செய் கையெழுத்தில்.

பதினைந்து நாள் தினமும் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தோம். 14-ஆம் தேதி சனிக்கிழமை. டோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டதாக அன்றுதான் அறிவித்தார்கள். அன்றே பனியும் தூறியது. முகமூடி போட்டுக்கொண்டு நானும் அவனும் போனோம். யாமனோத்தேயில் ஒரு புது நிலையம் வருவது 1971-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை, கூட்டம் இருந்தது. மரச் சட்டங்களுக்கு மேல் மடித்த காகிதம்போல் வெள்ளைக் கூரை. தம்பி கூரையைப் பார்க்கவில்லை. பெயர்ப்பலகைக்கு நேராகப் போனான். எண்ணைத் தடவினான். பையிலிருந்து அட்டையை எடுத்து, 26-ஐ உறையிலிருந்து உருவி, கட்டத்தில் வைத்து அழுத்தினான். ‘நிஜூரோக்கு’ என்றான். இருபத்தாறு. பிறகு என் சட்டையைப் பிடித்து ரயில் பக்கம் இழுத்தான். வெளியே போய்ப் பார்க்க அவனுக்கு எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, சகமிஹாரா வழக்கில் தீர்ப்பு வந்தது. நாங்கள் ஜப்பானுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 2016 ஜூலை 26 அதிகாலையில், மனவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்கள் வாழ்ந்த ஓர் இல்லத்தில் அங்கே முன்பு வேலை பார்த்தவன் புகுந்து பத்தொன்பது பேரைக் கொன்றான். ஒரு பணியாளரை இழுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், ‘இவர் பேசுவாரா?’ என்று கேட்டிருக்கிறான். பேசாதவர்கள்மேல் கத்தி இறங்கியது. கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் போலீஸ் வெளியிடவில்லை. குடும்பங்கள் விரும்பவில்லை என்றார்கள். நீதிமன்றத்தில் அவர்களை எழுத்துகளால் குறித்தார்கள். ஒரே ஒரு தாய், வழக்கு தொடங்கும் முன், தன் பத்தொன்பது வயது மகளின் பெயரையும் படத்தையும் வெளியே கொடுத்தார். தன் மகள் எழுத்து இல்லை, பெயர் உள்ளவள் என்பதற்காக.

செய்தியை அணைத்துவிட்டுத் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ‘பேசுவாரா?’ என்ற கேள்வி. டாக்டர் கேட்டது, பள்ளியில் கேட்டது, என் அம்மா ஞாயிறுதோறும் கேட்டது, நான் அவன் தலைமாட்டில் நின்று கடவுளிடம் கேட்டது. எல்லோரும் அன்பால்தான் கேட்டோம். ஆனாலும் அந்தக் கேள்வியை என் வீட்டிலிருந்து எடுத்துப்போட வேண்டும் என்று தோன்றியது. ஞாயிறு அம்மாவிடம் சொன்னேன்: “இனிமே அதக் கேக்காதம்மா.” ஏன் என்று கேட்காமல், “சரிய்யா” என்றாள்.

பள்ளி மூடியிருந்த அந்த மாதங்களில்தான் குளியலறைப் படத்தை நான் கவனித்தேன். தண்ணீர் பட்டாலும் கெடாத ஜப்பானிய எழுத்து அட்டவணை. நூறு யென் கடையில் வாங்கிச் சுவரில் ஒட்டியது. தொட்டியில் உட்கார்ந்து தம்பி தானாகவே படித்துவிட்டிருந்தான். அ, இ, உ, எ, ஒ என்று அவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். துண்டோடு நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது நம் வரிசை. மெய்யிலும் அப்படியே: க, ச, த, ந, பகரத்தின் இடத்தில் ஹ, பிறகு ம, ய, ர, வ. ஒலி பிறக்கும் இடத்தைக் கொண்டு எழுத்தை அடுக்கும் இந்திய முறையைச் சமஸ்கிருதம் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பான் பெற்றது. இதைப் படித்திருக்கிறேன். என் மகன் வாயிலிருந்து கேட்கும்வரை அது எனக்கு வெறும் செய்தி.

அவன் பிறந்து எட்டு வருடம் கழித்து, தமிழை அவனுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஜப்பானிய அட்டவணையின் பக்கத்தில் அதே அளவுக் கட்டங்கள், இரண்டுக்கும் பொதுவான எழுத்துகள் முதலில். ஒன்றைப் பார்த்து ஒன்றை நிரப்பிக்கொண்டே போனான்; சொல்லித்தர எனக்கு வேலையே இல்லை. வகரம் தாண்டியதும் நின்றான். ழ, ள, ற போன்ற எழுத்துகள் தமிழ்ப் பக்கத்தில் நீள்கின்றன, ஜப்பானியப் பக்கத்தில் அவற்றுக்கு நேரான கட்டம் காலி. எனக்குப் பயம் வந்துவிட்டது. காலிக் கட்டம் அவனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவன் அழவில்லை. ழவின் மேல் விரலை வைத்து என் வாயைப் பார்த்தான். சொன்னேன். எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் வாளப்பளம்தான்; ழ எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது, இன்றும் கவனித்தால்தான் நாக்கு மடியும். அவன் ஒருமுறை கேட்டான், சொன்னான். பிசிறில்லாத ழ. அமெரிக்க ஆங்கிலத்தில் ‘கார்’ என்னும்போது இறுதியில் நாக்கு போகிற இடத்துக்கு மிக அருகில்தான் ழகரம் பிறக்கிறது. நியூ ஜெர்சியில் பிறந்த நாக்கு, அந்த எழுத்தை முன்பே வைத்திருந்தது.

2021 தைப்பொங்கலன்று ஆச்சி வீடியோவில் வந்தாள். பேரனுக்கு ரயில் பிடிக்கும் என்பது தெரியும். எங்கள் வீடு கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் பக்கம். வாழ்நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். “தம்பி, ஆச்சி சொல்லுதேன், கேளு” என்று தானாகவே ஆரம்பித்தாள்.

“கோயில்பட்டி. குமாரபுரம். கடம்பூரு. மணியாச்சி.”

தம்பி போய்க் காகிதமும் பென்சிலும் எடுத்து வந்தான். அவள் சொல்லச் சொல்ல, கட்டக் கட்டமாகத் தமிழில் எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன. முதல் கட்டத்துக்கு 1 என்று எண்ணும் போட்டான்.

“நாரைக்கெணறு. கங்கைகொண்டான். தாளையூத்து.”

பென்சில் நின்றது. வழித்தடப் படத்தை நான் அவனுக்காக அச்சிட்டு வைத்திருந்தேன். அதில் அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். விரலை அதன்மேல் வைத்து, போனுக்கு நேராகப் படத்தைத் தூக்கிக் காட்டினான்.

“தாழையூத்து.”

ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நெருங்கி வந்தாள்.

“தாழையூத்து” என்றாள், மெதுவாக, நாக்கை மடித்து.

அவன் 7 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அப்புறம் திருநவேலி” என்றாள் ஆச்சி.